பதினோரு சென்டிமீட்டர் எங்கே போனது?

அலமாரிக்கு அளவெடுக்க வந்த இளைஞர் டேப்பைத் தொடவே இல்லை. லேசர் மீட்டரைச் சுவரில் சாய்த்துப் பட்டனை அமுக்கினார், திரையில் வந்த எண்ணைக் குறித்துக்கொண்டு போய்விட்டார். மூன்று வாரம் கழித்து அலமாரி வந்தது. அதற்கும் சுவருக்கும் நடுவே 11 செ.மீ. இடைவெளி.

கருவியில் கோளாறில்லை. அதன் பின்முனையைச் சுவரோடு வைத்துவிட்டு, கணக்கை முன்முனையிலிருந்து எடுக்கும்படி விட்டிருந்தார். கருவியின் நீளமே 11 செ.மீ.தான்!

ஒளி சுவருக்குப் போய்த் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணிக்கலாம். ஆனால் ஒளி ஒரு நானோ விநாடியில் ஏறக்குறைய 30 செ.மீ. ஓடும். ஒரு மில்லிமீட்டரைப் பிரித்தறிய அதில் நூற்றில் ஒரு பங்கைவிடக் குறைந்த நேரத்தைக் கணிக்க வேண்டும். அதனால் பெரும்பாலான கைக்கருவிகள் நேரத்தை நேரடியாக அளப்பதில்லை. ஒளியின் வலிமையைச் சீராகக் கூட்டிக் குறைத்து அனுப்பி, திரும்பி வரும் அலை எவ்வளவு பின்தங்கியது என்று பார்க்கின்றன. வெள்ளைச் சுவரில் இது அருமையாக நடக்கும். உச்சி வெயிலில் தடுமாறும். கண்ணாடி ஜன்னலில் ஒளி ஊடுருவிப் போய்விடும்; பளபளக்கும் கறுப்புக் கிரானைட்டிலோ வேறு திசைக்குத் தெறித்துவிடும். அங்கெல்லாம் ஒரு வெள்ளை அட்டையை ஒட்டிவிட்டு அளந்தால் போதும்.

எனக்குப் பெரிய கவலை வேறு. ஐந்து முறை அமுக்கி ஐந்து முறையும் ஒரே எண் வந்தால் அதுதான் உண்மை என்று நம்பிவிடுகிறோம். தவறான முனையில் வைத்தால் ஐம்பது முறையும் அதே தவறுதான் வரும். சாய்வும் அப்படித்தான்: 5 மீட்டர் தூரத்தில் கருவி 2 டிகிரி சாய்ந்தால் 3 மி.மீ., 5 டிகிரி சாய்ந்தால் 19 மி.மீ. கூடுதலாகக் காட்டும். இது எப்போதும் கூடுமே தவிரக் குறையாது. சராசரி எடுத்தால் தீராது, கிடைத்தவற்றில் சிறிய எண்ணே உண்மைக்குப் பக்கம்.

டேப்பும் தொய்யும், அதிலும் பிழை உண்டு என்பார்கள். உண்டுதான். ஆனால் தொய்வு கண்ணுக்குத் தெரியும்.

வீடு சதுர அடிக் கணக்கில் கைமாறும் காலம் இது. 3 மீட்டருக்கு 3.6 மீட்டர் அறையில் இரு பக்கமும் 11 செ.மீ. பிசகினால் ஏறக்குறைய 8 சதுர அடி பிசகும்.

அளக்க வருபவரிடம் ஒன்று கேளுங்கள். அறையின் முழு நீளத்தை ஒருமுறை அளக்கட்டும். பிறகு தரையில் நடுவே ஒரு கோடு போட்டு, இரு பாதியையும் தனித்தனியாக அளந்து கூட்டட்டும். இரண்டும் ஒத்துவராவிட்டால், அலமாரிக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.