லேப்டாப் பூட் ஆகலையா? ஃபார்மட்டுக்கு 'சரி' சொல்வதற்கு முன் அந்த 48 இலக்க எண்ணைத் தேடுங்க!

"விண்டோஸ் போயிடுச்சு சார், ஃபார்மட் பண்ணிடலாமா?"

மேற்கு தாம்பரமோ குரோம்பேட்டையோ, லேப்டாப் சர்வீஸ் கடைக்குப் போனால் சீக்கிரமே வந்துவிடும் கேள்வி இது. நாளைக்கு ப்ராஜெக்ட் சப்மிட் பண்ண வேண்டிய அவசரத்தில் இருப்பவர் உடனே தலையாட்டிவிடுவார். அந்த ஒரு தலையாட்டலில் ப்ராஜெக்ட், குடும்ப போட்டோக்கள், ஸ்கேன் செய்து வைத்த வீட்டுப் பத்திரம் எல்லாமே போய்விடலாம்.

லேப்டாப் பூட் ஆகவில்லை என்றாலே உள்ளே இருக்கும் ஃபைல்கள் அழிந்துவிட்டன என்று அர்த்தம் இல்லை. பல நேரங்களில் அவை அப்படியே பத்திரமாகத்தான் இருக்கும். அவற்றை அழிப்பது ஃபார்மட்தான். அதனால் அதைக் கடைசியாக வைத்துக்கொண்டு, முதலில் என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாகப் பார்ப்போம்.

எந்த இடத்தில் நிற்கிறது?

பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் கண் விழிப்பது விண்டோஸ் இல்லை. மதர்போர்டில் இருக்கும் பயாஸ்தான் முதலில் எழுந்து ரேம், கீபோர்டு, டிஸ்க் எல்லாம் இருக்கிறதா என்று பார்க்கும். பிறகு டிஸ்க்கில் உள்ள பூட் லோடரைக் கண்டுபிடித்து வேலையை ஒப்படைக்கும். அதன் பிறகே விண்டோஸ் வரும். இந்த வரிசையில் எங்கே நின்றுபோகிறது என்று தெரிந்தாலே பாதி பிரச்னை புரிந்துவிடும்.

லைட்டே எரியவில்லையா? அது சார்ஜர், பேட்டரி அல்லது போர்டு பிரச்னை. விண்டோஸை எத்தனை முறை மாற்றிப் போட்டாலும் பலன் இருக்காது. சார்ஜர், பென் டிரைவ், மவுஸ் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரை மட்டும் மாட்டி ஆன் செய்யுங்கள். கேட்க சாதாரணமாக இருந்தாலும் இதிலேயே சரியாகிற லேப்டாப்கள் உண்டு.

லைட் எரிகிறது, ஃபேன் ஓடுகிறது, திரை மட்டும் கருப்பாக இருக்கிறதா? வீட்டு டிவியில் எச்.டி.எம்.ஐ. கேபிளைச் செருகிப் பாருங்கள். டிவியில் படம் வந்தால் பழுது டிஸ்ப்ளேயில் இருக்கிறது. டிவியிலும் வரவில்லை என்றால் ரேம் மீது சந்தேகப்படலாம். ஸ்லாட்டில் இருந்து கழற்றித் துடைத்து மாட்டினாலே வேலை செய்யக்கூடும்.

கம்பெனி லோகோ வந்த பிறகு 'நோ பூட்டபிள் டிவைஸ்' என்று காட்டினால், ஏதாவது பென் டிரைவ் செருகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் பயாஸுக்குள் போக வேண்டும். டெல், ஏசர், அசுஸ் மாடல்களில் பெரும்பாலும் எஃப்2, ஹெச்பியில் எஃப்10, லெனோவாவில் எஃப்1 அல்லது எஃப்2. அங்கே உங்கள் எஸ்.எஸ்.டி. அல்லது ஹார்டு டிஸ்க்கின் பெயர் தெரிந்தால் டிஸ்க் உயிரோடு இருக்கிறது. பெயரே இல்லையென்றால் இணைப்பு கழன்றிருக்கலாம், டிஸ்க்கே போயிருக்கவும் செய்யலாம். பார்த்துவிட்டு எதையும் மாற்றாமல் வெளியே வந்துவிடுங்கள். ஏன் என்பது கீழே வருகிறது.

பழைய ஹார்டு டிஸ்க் 'டக் டக்' என்று சத்தம் போட்டால் உடனே ஆஃப் செய்துவிடுங்கள். "இன்னொரு தடவை பார்க்கலாம்" என்று ஆன் செய்யும் ஒவ்வொரு முறையும் டேட்டாவை மீட்கும் வாய்ப்பு குறையும்.

2024 ஜூலை 19 நினைவிருக்கிறதா?

அன்று உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரை காட்டி நின்றதாக மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. மீனம்பாக்கம் உட்பட நாட்டின் பல விமான நிலையங்களில் செக்-இன் தடுமாறியது. சில இடங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

காரணம், கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரே ஒரு தவறான அப்டேட் ஃபைல். அந்தக் கணினிகளின் டிஸ்க் போகவில்லை, உள்ளே இருந்த டேட்டாவும் அழியவில்லை. சேஃப் மோடில் போய் அந்த ஃபைலை நீக்கியதும் மீண்டும் எழுந்துகொண்டன. நம் வீட்டு லேப்டாப்பிலும் பல நேரம் நடப்பது இதேதான்: பாதியில் நின்ற அப்டேட், ஒத்துவராத டிரைவர். பேட்டரி செத்துப்போய் சார்ஜரிலேயே ஓடும் லேப்டாப்பில், அப்டேட் நடக்கும்போது கரண்ட் போனால் கேட்கவே வேண்டாம்.

அன்று ஐ.டி. ஊழியர்களைப் படுத்திய இன்னொரு விஷயமும் உண்டு. சேஃப் மோடுக்குள் போகவே பல கணினிகள் 48 இலக்க எண் ஒன்றைக் கேட்டன.

அது என்ன 48 இலக்க எண்?

பிட்லாக்கர் ரெக்கவரி கீ. விண்டோஸ், டிஸ்க்கில் உள்ள எல்லாவற்றையும் பூட்டி வைக்கும் வசதிதான் பிட்லாக்கர். லேப்டாப் திருடுபோனாலும் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது. நல்ல விஷயம்தான். ஆனால் 2024 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11 24எச்2 பதிப்பில் இருந்து, புது லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட் கணக்கு கொடுத்து உள்ளே போனாலே இந்தப் பூட்டு தானாக விழுந்துவிடும். பூட்டு இருப்பது தெரியாமலே அதைப் பயன்படுத்திக்கொண்டிருப்பவர்கள் நிறைய.

பயாஸில் ஏதாவது மாற்றினாலோ, மதர்போர்டை மாற்றினாலோ, ரிப்பேர் மோடுக்குள் போனாலோ சாவியைக் கேட்கும். மேலே எதையும் மாற்றாதீர்கள் என்று சொன்னது இதனால்தான்.

சாவி எங்கே கிடைக்கும்? போனில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து, டிவைஸ் பகுதியில் பிட்லாக்கர் கீயைத் தேடுங்கள். லேப்டாப் வாங்கிய அன்று அண்ணனோ கடைக்காரரோ தங்கள் மெயில் ஐ.டி.யைப் போட்டுக் கொடுத்திருந்தால் சாவி அந்தக் கணக்கில் இருக்கும், அவர்களிடம்தான் கேட்க வேண்டும். நீலத்திரையில் தெரியும் கீ ஐ.டி.யின் முதல் 8 எழுத்துகளும் கணக்கில் இருப்பதும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். சாவி எங்குமே இல்லையென்றால் மைக்ரோசாஃப்ட்டாலும் திறந்து தர முடியாது. லேப்டாப் நன்றாக ஓடும்போதே இந்த எண்ணை ஒரு பேப்பரில் எழுதி பீரோவில் வைத்துவிடலாம். இரண்டு நிமிஷ வேலை.

ஃபைல்களை வெளியே எடுப்பது எப்படி?

விண்டோஸ் சுழன்றுகொண்டே இருந்தால், பவர் பட்டனை அழுத்திப் பிடித்து ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள். தொடர்ந்து சில முறை பூட் தோற்றால் நீல நிற ரிப்பேர் மெனு தானாக வரும். அதில் ஸ்டார்ட்அப் ரிப்பேர், கடைசி அப்டேட்டை நீக்குவது, சிஸ்டம் ரீஸ்டோர், சேஃப் மோடு ஆகியவற்றை வரிசையாக முயன்று பார்க்கலாம்.

எதுவும் பலிக்கவில்லையா? அதே மெனுவில் கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து 'நோட்பேட்' என்று ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள். நோட்பேட் திறந்ததும் ஃபைல் மெனுவில் 'ஓப்பன்' கொடுத்து, 'ஆல் ஃபைல்ஸ்' தேர்வு செய்தால் டிஸ்க்கில் உள்ள ஃபோல்டர்கள் தெரியும். ரைட் கிளிக் செய்து காப்பி எடுத்து பென் டிரைவில் பேஸ்ட் செய்துகொள்ளலாம். கொஞ்சம் குறுக்குவழிதான், ஆனால் வேலை செய்யும்.

இன்னொரு வழி லினக்ஸ். உபுண்டு போன்ற லினக்ஸை பென் டிரைவில் ஏற்றி, டிஸ்க்கில் இன்ஸ்டால் செய்யாமல் அதிலிருந்தே பூட் செய்து ஃபைல்களை எடுக்கலாம். பிட்லாக்கர் இருந்தால் இங்கேயும் சாவி வேண்டும். 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா லேப்டாப் வீட்டில் இருந்தால் அதுகூடத் தேவைப்படாமல் போகலாம். அவற்றில் விண்டோஸுடன் 'பாஸ்' லினக்ஸும் சேர்த்தே வந்தது. ஒன்று படுத்தாலும் இன்னொன்றில் நுழைந்து பார்க்க வாய்ப்பு உண்டு. அந்த 'பாஸ்' நம்ம ஏரியாவுக்குத் தூரத்துச் சொந்தம் இல்லை. அதை உருவாக்கிய திட்டத்தில் சென்னை சி-டாக் மையத்துடன் கைகோத்தது, குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் உள்ள ஏ.யு.-கே.பி.சி. ஆராய்ச்சி மையம்.

சரி, இப்போ ஃபார்மட் பண்ணலாமா?

ஃபைல்களை எடுத்தாச்சு என்றால் தாராளமாக. முதலில் 'ரீசெட் திஸ் பிசி'யில் 'கீப் மை ஃபைல்ஸ்' முயன்று பாருங்கள். ஆப்கள் போகும், உங்கள் ஃபைல்கள் இருக்கும். அதுவும் தோற்றால் புதிதாகப் போட வேண்டியதுதான். வேறொரு கணினியில் மைக்ரோசாஃப்ட் தளத்தின் மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, 8 ஜிபி பென் டிரைவில் ஏற்றுங்கள். அந்தப் பென் டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், கவனம்.

இன்ஸ்டால் செய்யும்போது டிஸ்க் பகுதிகளைக் காட்டும் திரைதான் ஆபத்தான இடம். டி டிரைவில் ஏதாவது வைத்திருந்தால் அதைத் தொடவே கூடாது. அவசரத்தில் மாற்றி டெலீட் செய்துவிட்டு "ரெக்கவரி சாஃப்ட்வேர் இருக்கே" என்று நினைத்தால், அது பழைய ஹார்டு டிஸ்க் காலத்துக் கதை. எஸ்.எஸ்.டி.யில் ஃபார்மட் செய்ததும் 'டிரிம்' என்ற வசதி அந்த இடத்தைக் காலி செய்துவிடும், மீட்பது கிட்டத்தட்ட முடியாது.

அந்தத் திரையில் டிஸ்க்கே தெரியவில்லையா? "எஸ்.எஸ்.டி. போயிடுச்சு, புதுசு வாங்குங்க" என்று சொன்னால் உடனே பர்ஸை எடுக்காதீர்கள். இன்டெல் 11-ம் தலைமுறைக்குப் பிந்தைய பல லேப்டாப்களில் வி.எம்.டி. டிரைவரை ஏற்றினால்தான் டிஸ்க் தெரியும். லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில் அது இலவசம்.

விண்டோஸ் கீக்கும் பெரும்பாலும் பணம் தர வேண்டியதில்லை. விண்டோஸோடு வாங்கிய லேப்டாப்பில் கீ மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். 'ஐ டோன்ட் ஹேவ் எ ப்ராடக்ட் கீ' கொடுத்து, முன்பு இருந்த அதே ஹோம் அல்லது ப்ரோ பதிப்பைப் போட்டால் இன்டர்நெட் வந்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். ஆன்டிவைரஸை ஆஃப் செய்துவிட்டு 'ஆக்டிவேட்டர்' ஓட்டுகிறார்கள் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதே லேப்டாப்பில்தானே நெட் பேங்கிங்கும் செய்கிறீர்கள்?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. புதிதாகப் போடுவதென்றால் 11-தான் சரி. டி.பி.எம். 2.0 இல்லாத பழைய லேப்டாப் அதற்குத் தகுதி பெறாது என்பதால், டாகுமென்ட், பிரவுசர் அளவு வேலைக்கு லினக்ஸ் போட்டுக்கொள்வது நல்லது.

இரண்டு பேருக்கு மட்டும் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. மெப்ஸ், ஓ.எம்.ஆர். கம்பெனிகள் கொடுத்த ஆபீஸ் லேப்டாப் என்றால் ரெக்கவரி கீ ஆபீஸ் ஐ.டி. டீமிடம்தான் இருக்கும், கடைக்குக் கொண்டுபோகாமல் அவர்களிடமே கொடுங்கள். 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் நடந்த மாதிரி வெள்ளத்தில் நனைந்த லேப்டாப் என்றால், 'ஆன் ஆகுதா பார்ப்போம்' என்று பட்டனைத் தொடவே வேண்டாம். சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரி கழற்றும் வகையில் இருந்தால் கழற்றிவிட்டு, கடைக்காரரிடம் "முதல்ல டிஸ்க்கை மட்டும் வெளியே எடுங்க" என்று சொல்லுங்கள்.