‘டியூரபிள்’னா என்ன? லத்தீனில் பிறந்து இ.எம்.ஐ-க்கு வந்த வார்த்தை!

ஃப்ரிட்ஜோ வாஷிங் மெஷினோ தவணையில் வாங்கியவர்களுக்கு ‘கன்ஸ்யூமர் டியூரபிள் லோன்’ என்ற பெயர் பழக்கமானதுதான். ஷேர் மார்க்கெட் செய்திகளிலும் ‘கன்ஸ்யூமர் டியூரபிள்ஸ்’ அடிக்கடி தலைகாட்டும். தமிழில் ‘நீடித்து உழைக்கும் பொருள்கள்’ என்கிறோம். சரி, எவ்வளவு நாள் உழைச்சா அது ‘டியூரபிள்’?

வார்த்தை எங்கிருந்து வந்தது?

லத்தீன் மொழியில் ‘டூருஸ்’ என்றால் கெட்டியானது. ‘டூராரே’ என்ற வினைச்சொல்லுக்கு கெட்டிப்படுவது, நீடித்திருப்பது என இரண்டு பொருளும் உண்டு. அதாவது, எது கெட்டியோ அதுதான் நிலைக்கும். பழைய பிரெஞ்சு வழியாக 14-ம் நூற்றாண்டில் ‘டியூரபிள்’ ஆங்கிலத்துக்குள் நுழைந்தது.

இதோட சொந்தக்காரங்க நிறைய பேர். டியூரேஷன், எண்ட்யூரன்ஸ், தினமும் சொல்கிற ‘டியூரிங்’ எல்லாமே இதே குடும்பம்தான். பாஸ்தா பாக்கெட்டில் ‘டியூரம் வீட்’ என்று பார்த்திருப்பீங்க. அது கெட்டியான கோதுமை. மூளையைச் சுற்றியுள்ள தடித்த உறைக்கும் ‘டியூரா மேட்டர்’ என்றுதான் பெயர்.

3 வருஷம் போதுமா?

அமெரிக்க அரசின் பொருளாதாரக் கணக்கில், சராசரியாக 3 ஆண்டாவது உழைக்கும் பொருள்தான் ‘டியூரபிள் குட்ஸ்’. கார், ஃபர்னிச்சர் எல்லாம் இதில் வரும். சோப்பு, பால் வராது. நாம வருஷக்கணக்கில் போடுகிற சட்டைகூட அந்தக் கணக்கில் டியூரபிள் இல்லை! ஆக, இது பொருளை வகை பிரிக்கும் பெயர். தரத்துக்கான சான்றிதழ் அல்ல.

ஆயுளைக் குறைத்த கம்பெனிகள்

பொருள் சீக்கிரம் கெட்டுப்போவது எப்போதும் தற்செயல் இல்லை. 1924-ல் ஓஸ்ராம், பிலிப்ஸ் உள்ளிட்ட பல்பு நிறுவனங்கள் ஜெனிவாவில் கூடி ‘ஃபீபஸ்’ என்ற கூட்டணியை அமைத்தன. 1,500 மணி நேரத்துக்கு மேல் எரிந்துகொண்டிருந்த பல்புகளின் ஆயுளை 1,000 மணி நேரமாகக் குறைக்க முடிவெடுத்தன. கூடுதல் நேரம் எரியும் பல்பைத் தயாரித்த உறுப்பினருக்கு அபராதம்! இரண்டாம் உலகப் போரோடுதான் இந்தக் கூட்டணி முடிவுக்கு வந்தது.

இப்போது காற்று திரும்புகிறது. ஒரு பொருளைப் பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்பதற்கு 10-க்கு இத்தனை மார்க் என்று லேபிள் ஒட்டும் முறையை பிரான்ஸ் 2021-ல் கொண்டுவந்தது. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் ‘ரைட் டு ரிப்பேர்’ போர்ட்டலைத் தொடங்கியது. வாரன்டி, உதிரி பாகம், சர்வீஸ் சென்டர் போன்ற விவரங்களை நிறுவனங்கள் அதில் தருகின்றன.

வாங்கும் முன்…

* வாரன்டி முழு மெஷினுக்கா, மோட்டாருக்கு அல்லது கம்ப்ரஸருக்கு மட்டுமா?
* உதிரி பாகம் எத்தனை வருஷத்துக்குக் கிடைக்கும்?
* உங்க ஊரில் சர்வீஸ் சென்டர் இருக்கா?

பிரச்னை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். இ.எம்.ஐ முடியும் வரைக்குமாவது பொருள் உழைக்கணும் இல்லையா?