வளைவில் ஒரு கார் கற்பித்த பாடம்

பேருந்தில் நின்றுகொண்டு பயணம் செய்திருப்பீர்கள். வண்டி சட்டென்று இடப்புறம் திரும்பும்போது நீங்கள் எந்தப் பக்கம் சாய்கிறீர்கள்? வலப்புறம் அல்லவா? வலக்காலில் பாரம் கூடுகிறது. இடக்கால் தரையை விட்டு எழப் பார்க்கிறது. நமக்கு நேரும் இதே அனுபவம் வண்டிக்கும் உண்டு. அதன் ஒரு பக்கச் சக்கரங்களில் பாரம் ஏறுகிறது, மறுபக்கத்தில் குறைகிறது. இந்தப் பாரத்தைச் சரியாகப் பங்கிடுவதையே கலையாகப் பயிலும் ஒரு விளையாட்டு இருக்கிறது. அதன் பெயர் ஆட்டோகிராஸ்.

கடிகாரத்துடன் போட்டி

அமெரிக்காவில் இவ்விளையாட்டு மிகப் பரவலானது. 1944-ல் தோன்றிய ‘ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா’ என்னும் சங்கம் இதைச் ‘சோலோ’ என்ற பெயரில் நடத்துகிறது. 1973 முதல் தேசியப் போட்டியும் உண்டு. பெரிய வாகன நிறுத்துமிடத்திலோ பழைய விமான ஓடுதளத்திலோ ரப்பர் கூம்புகளை வைத்து, வளைந்து நெளிந்து செல்லும் பாதை அமைப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரு கார்தான் கடிகாரத்துடன் போட்டியிடும். ஒரு கூம்பைத் தட்டிவிட்டால் 2 விநாடி தண்டனை. நேரத்தை ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடி வரை அளப்பதால், இது பெரிய தண்டனைதான்!

பங்கேற்பவர்களில் பெரும்பாலோர் அலுவலகத்திற்கு ஓட்டிச்செல்லும் காரையே கொண்டுவருகிறார்கள். அவர்களுக்குப் பிடித்தமான கார்களுள் ஒன்று மஸ்டா மியாட்டா. 1989-ல் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமான, இருவர் மட்டும் அமரக்கூடிய சிறிய கார் இது. முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் எடையை ஏறத்தாழச் சரிபாதியாகத் தாங்குகின்றன. ஓட்டுநரோடு சேர்த்து 1000 கிலோகிராம் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு சக்கரத்திற்கும் 250 கிலோகிராம் பாரம்.

இடம் மாறும் பாரம்

இந்தக் கார் 15 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் இடப்புறம் திரும்புவதாகக் கொள்வோம். வேகத்தின் இருமடியை ஆரத்தால் வகுத்தால் மையநோக்கு முடுக்கம் கிடைக்கும். அது புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.84 பங்கு. இதற்குத் தேவையான விசையைத் தரையிலிருந்து பெற்றுத் தருபவை டயர்கள். காரின் ஈர்ப்பு மையமோ தரைக்கு ஏறத்தாழ அரை மீட்டர் மேலே இருக்கிறது. ஆகவே காரை வலப்புறம் கவிழ்க்க முயலும் ஒரு திருப்புத்திறன் தோன்றுகிறது. இட, வலச் சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம் 1.4 மீட்டர் எனில்,

1000 × 0.84 × 0.5 ÷ 1.4 = 300

அதாவது 300 கிலோகிராம் பாரம் இடப்புறச் சக்கரங்களிலிருந்து வலப்புறச் சக்கரங்களுக்கு மாறிவிடுகிறது. இடப்புறம் மிஞ்சுவது 200. வலப்புறம் ஏறுவது 800.

இந்தச் சமன்பாட்டில் சுருள்வில் எங்காவது வருகிறதா? இல்லை. வில்லை எவ்வளவு விறைப்பாக்கினாலும் கார் சாய்வது குறையுமே தவிர, மாறும் மொத்தப் பாரம் ஏறத்தாழ அப்படியேதான் இருக்கும். அப்படியானால் போட்டியாளர்கள் மணிக்கணக்காகக் காருக்கு அடியில் படுத்து எதை மாற்றுகிறார்கள்?

பாடநூல் விதியும் ரப்பரும்

இங்கே என் தவறு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் ஒரு மாணவி, “ஒரு சக்கரத்தில் பாரம் கூடி மற்றொன்றில் குறைந்தால் காரின் பிடிப்பு மாறுமா, ஐயா?” என்று கேட்டார். “மாறாது” என்று உடனே விடை சொன்னேன். உராய்வு விசை பாரத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கும். மொத்தப் பாரம் மாறாதபோது மொத்த உராய்வும் மாறாது. பிரெஞ்சு அறிஞர் அமோந்தோன் 1699-ல் கூறிய விதி அது. கரும்பலகையில் நிறுவியும் காட்டினேன். வீட்டிற்குச் சென்று டயரைப் பற்றிப் படித்த பிறகுதான் மறுநாள் வகுப்பில் விடையைத் திருத்த வேண்டியதாயிற்று.

உலோகத்தின் மீது உலோகம் வழுக்கும்போது விதி ஓரளவு சரியாகவே நிற்கிறது. ரப்பரின் கதை வேறு. அது மென்மையாக நசுங்கிச் சாலையின் நுண்ணிய மேடு பள்ளங்களில் படிகிறது. பாரத்தை இரு மடங்காக்கினால் உண்மையான தொடுபரப்பு இரு மடங்காவதில்லை. அதைவிடக் குறைவாகவே கூடுகிறது. ஆகவே பாரம் ஏற ஏற உராய்வுக் குணகம் சிறிது சிறிதாகக் குறைகிறது.

கணக்கிற்காகச் சில எண்களை எடுத்துக்கொள்வோம். குணகம் 250 கிலோகிராம் பாரத்தில் 1.0, 100-ல் 1.1, 400-ல் 0.9. முன்னிரு சக்கரங்களும் 250 வீதம் தாங்கினால் மொத்தப் பிடிப்பு 500. மாறும் 300-ல் பாதி முன்பக்கம் நேர்ந்து, பாரம் 100, 400 என்று ஆனால் பிடிப்பு 110 + 360 = 470 மட்டுமே. கூடுதல் பாரம் பெற்ற சக்கரம் ஈட்டுவதைவிட, பாரம் இழந்த சக்கரம் இழப்பது அதிகம்!

ஒரு தண்டின் வேலை

மாறும் மொத்தப் பாரத்தை மாற்ற முடியாது. ஆனால் அதில் முன்பக்கத்துக்கு எவ்வளவு, பின்பக்கத்துக்கு எவ்வளவு என்பதை மாற்றலாம். அதற்கு உதவுவது சாய்வுத் தடுப்புத் தண்டு. இடச் சக்கரத்தையும் வலச் சக்கரத்தையும் இணைக்கும் வளைந்த எஃகுத் தண்டு இது. இரு சக்கரங்களும் ஒன்றாக மேடேறினால் அது வெறுமனே சுழலும். ஒன்று ஏறி மற்றொன்று இறங்கினால் முறுக்கத்திற்கு உள்ளாகி எதிர்க்கும். இதன் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 20 மில்லிமீட்டர் தண்டுக்குப் பதில் 24 மில்லிமீட்டர் தண்டைப் பொருத்தினால் விறைப்பு இரு மடங்காகிவிடும்!

முன்தண்டு தடிமனாக இருந்தால் மாறும் பாரத்தில் பெரும்பங்கை முன்பக்கம் ஏற்கிறது. முன்னே 200, பின்னே 100 என்று பிரிந்தால், நம் கணக்கின்படி முன்பக்கப் பிடிப்பு 447. பின்பக்கப் பிடிப்பு 487. முன்சக்கரங்களே முதலில் வழுக்கும். திசைமாற்றியைத் திருப்பினாலும் கார் போதிய அளவு திரும்பாமல் வெளியே ஓடும். இது அண்டர்ஸ்டியர். பின்தண்டு தடிமனானால் நிலைமை தலைகீழ். வால் வீசிக் கார் சுழலப் பார்க்கும். இது ஓவர்ஸ்டியர். இரண்டிற்கும் நடுவே உள்ள சமநிலையைத் தேடுவதுதான் போட்டியாளரின் வேலை.

ஷாக் அப்சார்பரும் முக்கியமானதே. எவ்வளவு பாரம் மாறும் என்பதை அது தீர்மானிப்பதில்லை. எவ்வளவு விரைவில் மாறும் என்பதையே தீர்மானிக்கிறது. கூம்புகளுக்கிடையே கார் இடமும் வலமுமாக நெளியும்போது இந்த விரைவு பெரிதும் பயன்படுகிறது. ‘ஸ்ட்ரீட்’ என்னும் பிரிவில் கார் பிறந்தபோது இருந்த சுருள்வில்லை மாற்றக் கூடாது. ஷாக் அப்சார்பர்களையும் ஒரு சாய்வுத் தடுப்புத் தண்டையும் மாற்றலாம்.

ஒன்றை மட்டும் மாற்று

செலவே இல்லாத திருத்தமும் உண்டு: டயரின் காற்றழுத்தம். டயரின் ஓரத்தில் சுண்ணக்கட்டியால் கோடிட்டு ஓட்டி வருவார்கள். கோடு எவ்வளவு தூரம் அழிந்தது என்று பார்த்தால் வளைவில் டயர் எவ்வளவு மடங்கியது என்பது தெரியும்.

இங்கேதான் உண்மையான அறிவியல் தொடங்குகிறது. காற்றழுத்தத்தை மாற்றினோம், அடுத்த ஓட்டத்தில் நேரம் குறைந்தது. வெற்றி என்று சொல்லிவிடலாமா? பாதை இப்போது ஓட்டுநருக்கு மனப்பாடம் ஆகியிருக்கலாம். டயர் சூடேறிப் பிடிப்புக் கூடியிருக்கலாம். ஆகவே அனுபவசாலிகள் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிக் குறித்துக்கொள்கிறார்கள். பிறகு பழைய நிலைக்கே திரும்பி மீண்டும் ஓட்டிச் சரிபார்க்கிறார்கள். நம் ஆய்வுக்கூடத்தில் கடைப்பிடிக்கும் ஒழுங்கும் இதுதானே!

நீங்களும் செய்து பாருங்கள்

ஒரு சிறு மரக்கட்டையின் அடியில் மூன்று அழிரப்பர்களை ஒட்டுங்கள். மேசைமேல் வைத்து, சுருள்வில் தராசால் மெதுவாக இழுத்து, அது நகரத் தொடங்கும் விசையைக் குறியுங்கள். மேலே எடைகளை ஒவ்வொன்றாகக் கூட்டி, ஒவ்வொரு முறையும் மூன்று தடவை அளந்து சராசரி காணுங்கள். பிறகு பாரத்திற்கும் உராய்வு விசைக்கும் வரைபடம் வரையுங்கள். கோடு நேராகச் செல்கிறதா, மேலே போகப் போகச் சற்று வளைகிறதா?

வளைந்தால் பாடநூல் பொய் என்று எண்ணிவிடாதீர்கள். எந்த விதிக்கும் எல்லை உண்டு. அந்த எல்லை எங்கே என்று கண்டறிவதும் அறிவியலே. என்னிடம் கேள்வி கேட்ட மாணவி அன்று செய்தது அதைத்தான்.