ஓடுபாதையில் நரி, வானத்தில் பருந்து

நரி முகத்தில் விழித்தால் நல்லது நடக்கும் என்பது நம்மூர் நம்பிக்கை. கொல்கத்தாவில் விமானம் ஓட்டுபவர்களிடம் சொன்னால் சிரிக்க மாட்டார்கள். டம்டம்மில் உள்ள நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் விமான நிலையத்தின் புல்வெளிகளில் நரிகள் பல ஆண்டுகளாகக் குடித்தனம் நடத்துகின்றன. மழைநீர் வடிகாலும் வளையும் வீடு, எலி சாப்பாடு. ஓடுபாதையில் ஒன்று குறுக்கிட்டால், இறங்கவிருந்த விமானம் மேலெழும்பி வட்டமடிக்க வேண்டியதுதான். சுட முடியாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் நிழல் நரிக்கும் உண்டு. கூண்டு வைத்துத்தான் பிடிக்க வேண்டும்.

நரிக்காவது சுவர் எழுப்பலாம், வடிகாலுக்குக் கம்பிவலை போடலாம். பறவைக்கு?

மழை விட்டதும் புல்லில் மண்புழுவும் பூச்சியும் வெளிவரும். கொக்குகள் இறங்கும். உயரே பருந்துகள் வட்டமிடும். மணிக்கு 250 கிலோமீட்டருக்கு மேல் பாயும் விமானத்தின் முன் ஒரு கிலோ எடைகூட இல்லாத பருந்தும் பீரங்கிக் குண்டு மாதிரிதான். வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்கு. என்ஜினுக்குள் போனால் விசிறித் தகடுகள் நொறுங்கும். மேலெழும்போதும் இறங்கும்போதும்தான் ஆபத்து அதிகம்; விமானிக்கு அவகாசம் மிகக் குறைவாக இருப்பதும் அப்போதுதான்.

2009 ஜனவரியில் நியூயார்க்கில் வாத்துக் கூட்டம் மோதி இரு என்ஜின்களும் செயலிழந்தன. ஹட்சன் ஆற்றில் இறக்கப்பட்ட விமானத்திலிருந்து 155 பேரும் தப்பினர். 2022 ஜூனில் பாட்னாவில் கிளம்பிய விமானம் பறவை மோதி, என்ஜினில் தீயுடன் பத்திரமாகத் திரும்பியது. தென்கொரியாவின் முவானில் 2024 டிசம்பரில் 179 பேர் இறந்தனர். அந்த விமானத்தின் இரு என்ஜின்களிலும் வாத்தின் இறகும் ரத்தமும் கிடைத்தன.

பட்டாசு, வாயுத் துப்பாக்கி, லேசர் ஒளி, பறவையின் அபயக்குரல் பதிவு என்று விரட்டும் வித்தைகள் பல. காக்கையும் பருந்தும் லேசுப்பட்டவையா? நாலு நாள் பயப்படும், ஐந்தாம் நாள் பழகிவிடும். சாப்பாடு அருகில் இருக்கும்வரை திரும்பி வரும்.

சாப்பாடு இருப்பதோ வேலிக்கு வெளியே. விமான நிலையத்திலிருந்து 10 கிலோமீட்டர் சுற்றளவில் திறந்தவெளியில் ஆடு மாடு அறுப்பதையும் குப்பை கொட்டுவதையும் 1937ஆம் ஆண்டு விமான விதிகளின் 91ஆவது விதி தடுக்கிறது. காகிதத்தில் கச்சிதமான வட்டம். நிலத்தில் அது 314 சதுர கிலோமீட்டர். டம்டம், தெற்கு டம்டம், வடக்கு டம்டம், விதான்நகர், மத்தியம்கிராம் என உள்ளாட்சிகள் அதற்குள் நெருக்கியடிக்கின்றன. மீன் இல்லாமல் சோறு இறங்காத ஊர். திருப்பத்துக்கு ஒரு மீன் சந்தை. விமான நிலைய அதிகாரி கடிதம் எழுதலாம், கூட்டத்தில் முறையிடலாம். குப்பை லாரி அவர் கையில் இல்லை.

மீன்காரரைக் குற்றம் சொல்வதும் நியாயமில்லை. செதிலையும் குடலையும் போட மூடிய தொட்டி இல்லை, தினமும் அள்ளிப்போக வண்டி வரவில்லை என்றால் சாக்கடையோரம்தான் கொட்டுவார். வியாபாரம் முடியும் நேரம் பருந்துகளுக்கும் தெரியும். அவர் கத்தியைக் கழுவுவதற்குள் முதல் பருந்து இறங்கிவிடுகிறது.