இருமலும் நண்டும்

ஒருவர் மாதக்கணக்கில் இருமுகிறார், சளியில் இரத்தம் கலந்து வருகிறது, மார்பு வலிக்கிறது, உடல் மெலிகிறது. என்ன நோய் என்று கேட்டால் நம்மில் எவரும் காசநோய் என்றே விடை கூறுவோம். நம் நாட்டில் அது நியாயமான ஐயமே. ஆயினும் மணிப்பூர், நாகாலாந்து, அருணாசலப் பிரதேசம் ஆகிய இடங்களில் இதே குறிகளோடு வந்த சிலருடைய சளியில் காசநோய்க் கிருமி அகப்படவில்லை. காசநோய் மருந்தை மாதக்கணக்கில் உண்டும் இருமல் நின்றபாடில்லை.

1980-களில் மணிப்பூர் மருத்துவர்கள் இதன் மர்மத்தை வெளிப்படுத்தினார்கள். நோயாளிகளின் சளியை நுண்பெருக்கியில் வைத்துப் பார்த்தபோது, பொன்பழுப்பு நிறத்தில், ஒரு முனையில் மூடி போட்ட முட்டைகள் தெரிந்தன. அவை பாரகோனிமஸ் என்னும் நுரையீரல் தட்டைப்புழுவின் முட்டைகள். நோயாளிகள் மலை ஓடை நண்டைப் பச்சையாகவோ அரைவேக்காட்டிலோ உண்டவர்கள். நண்டுச் சாற்றை மருந்தென்று குடிப்பதும் அப்பகுதிகளில் உண்டு. பின்னாளில் அருணாசலத்தின் சாங்லாங் மாவட்டத்திலும் இந்நோய் பரவியிருப்பது தெரியவந்தது.

இப்புழுவின் பயணம் ஒரு விந்தை. சளியோடு துப்பப்பட்டோ, விழுங்கப்பட்டு மலத்தோடு கழிந்தோ, முட்டை ஓடைநீரை அடைகிறது. அதிலிருந்து வெளிப்படும் குஞ்சு நத்தைக்குள் புகுந்து பல்கிப் பெருகி, பின் நண்டின் தசையில் சிறு கூடு கட்டிக்கொண்டு காத்திருக்கிறது. நண்டு வேகாமல் நம் வயிற்றுக்குள் போனால் கூடு கரைகிறது. புழு குடற்சுவரைத் துளைத்து, உதரவிதானத்தையும் கடந்து, நுரையீரலில் போய்க் குடியேறுகிறது. அங்கே காப்பிக்கொட்டை அளவுக்கு வளர்ந்து, பல்லாண்டுகள் வாழவும் கூடும். சில சமயம் வழி தவறி மூளைக்குப் போய்விடுவதும் உண்டு. அப்போது வலிப்பு வரும்.

இப்புழு இனத்தை அறிவுலகுக்கு முதலில் காட்டியது மனிதனன்று, புலி! ஆம்ஸ்டர்டாம் விலங்குக் காட்சிச்சாலையில் இறந்த வங்கப் புலியின் நுரையீரலில் கண்ட புழுவை 1878-இல் கெர்பர்ட் என்பார் விவரித்தார். காட்சிச்சாலைத் தலைவர் வெஸ்டர்மனின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. மறு ஆண்டே தைவானில் ஒரு மனிதரின் நுரையீரலிலும் புழு அகப்பட்டது. மணிப்பூரில் மக்களைப் பற்றுவது பெரும்பாலும் இதன் தாயாதியான ஹெட்டிரோடிரீமஸ்.

"நண்டைப் பச்சையாகத் தின்பார்களா?" என்று நாம் முகஞ்சுளிக்க வேண்டியதில்லை. சளி பிடித்தால் வயல் நண்டை இடித்து ரசம் வைக்கும் பாட்டிமார் நம் ஊர்களிலும் உண்டல்லவா? நண்டை மருந்தென நம்புவதில் இருவரும் ஒன்றே. நம் பாட்டி அதைக் கொதிக்க வைக்கிறாள், வேற்றுமை அவ்வளவுதான். உப்பு, மிளகாய், காடி, மது இவற்றில் ஊறவைத்தால் புழு செத்துவிடும் என்று நம்புவதற்கில்லை. நன்றாக வேகவைத்தால் சாகும். நண்டு இடித்த அம்மியைக் கழுவாமல் அதிலேயே துவையல் அரைப்பதும் ஆபத்துதான்.

டில்லி உணவுச்சாலைகளில் பச்சைக் கடல்மீன் உண்ணும் நண்பர்களுக்கும் ஒரு சொல். கடல்மீனில் இருப்பது அனிசாகிஸ் என்னும் வேறு புழு. கடும் வயிற்றுவலியைத் தரும். மைனஸ் 20 டிகிரியில் ஏழு நாள் உறையவைத்த மீனில் அது பிழைக்காது. மீன் அப்படி உறையவைக்கப்பட்டதா என்று பரிமாறுபவரைத் தாராளமாகக் கேட்கலாம்.

நுரையீரல் புழுவுக்குப் பிராசிகுவாண்டெல் என்னும் மாத்திரை உண்டு. மருத்துவர் உடல் எடைக்கேற்ப அளவிட்டுத் தருவார். இரண்டு மூன்று நாளில் சிகிச்சை முடிந்துவிடும். காசநோய்க்கோ ஆறு மாதமேனும் மருந்து உண்ண வேண்டும். நோயை மாற்றிக் கணித்தால் எத்தனை மாதங்கள் வீணாகும், எத்தனை பேர் அந்த மாணவனை விட்டு விலகி உட்காருவார்கள் என்று எண்ணிப் பாருங்கள்! விடுதியில் நம்முடன் வசிக்கும் வடகிழக்கு நண்பர் எவருக்கேனும் இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். காசநோய்ச் சோதனை கட்டாயம் வேண்டும். அத்துடன், ஊரில் பச்சை நண்டு உண்டதுண்டா என்பதையும் மருத்துவரிடம் அவர் சொல்லட்டும்; கேட்டால்தான் புழுமுட்டைக்கும் சளியைச் சோதிப்பார்கள்.