கணிப்பொறிக்குள் ஒரு பெருக்குமாறு

வீட்டில் குப்பை சேர்ந்தால் அம்மா பெருக்குகிறார்கள். வகுப்பறையில் மாணவியர் முறை வைத்துப் பெருக்குகின்றனர். கணிப்பொறியின் நினைவகத்தில் சேரும் குப்பையைப் பெருக்குவது யார்? அதில் குப்பை எது என்று அறிவதுதான் எப்படி? இதற்கு வழி கண்டவர் ஜான் மெக்கார்த்தி என்னும் அமெரிக்கப் பேராசிரியர்.

1958ஆம் ஆண்டில் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் அவர் 'லிஸ்ப்' என்ற கணிப்பொறி மொழியை உருவாக்கத் தொடங்கினார். அம்மொழி பட்டியல்களைக் கையாளுவது. பட்டியல் என்பது நினைவகத்தில் சிறு சிறு அறைகள். ஓர் அறையில் அடுத்த அறையின் விலாசம் இருக்கும். வேலை நடக்க நடக்கப் புதிய அறைகள் வேண்டும். பழையவற்றைக் காலி செய்யும் பொறுப்பைப் புரோகிராம் எழுதுபவரிடமே விட்டால் என்ன ஆகும்? அவர் மறந்தால் இடம் தீர்ந்துபோகும். அவசரப்பட்டால், இன்னும் தேவைப்படும் செய்தி அழிந்து அங்கே வேறொன்று வந்து அமர்ந்துவிடும். இதுவே பொல்லாத ஆபத்து. இயந்திரம் நிற்காமல் தவறான விடையைத் தந்துகொண்டிருக்கும்!

மெக்கார்த்தியின் முறையில், இடம் தீரும் வரை எதையும் தொடுவதில்லை. தீர்ந்ததும் வேலையைச் சற்று நிறுத்தி, புரோகிராம் அப்போது கையில் வைத்திருக்கும் பெயர்களிலிருந்து புறப்பட்டு, விலாசம் விலாசமாகத் தொடர்ந்து சென்று, கண்ட அறைகளுக்கெல்லாம் அடையாளம் இட வேண்டும். பிறகு எல்லா அறைகளையும் வரிசையாகப் பார்த்து, அடையாளம் இல்லாதவற்றைக் காலி அறைகளோடு சேர்த்துவிட வேண்டும். பழையதா, இனிப் பயன்படுமா என்ற ஆராய்ச்சியே கிடையாது. அங்கே போய்ச்சேர வழி உண்டா என்பது ஒன்றே கேள்வி. வழியில்லாத அறையை இனி எவரும் திறக்க முடியாது. எனவே அதை எடுத்துக்கொண்டால் எவருக்கும் நஷ்டமில்லை. அக்காலத்தில் இதற்குச் சில வினாடிகள் பிடித்தன.

லிஸ்பைத் தொழில் நிறுவனத்தாருக்குச் செய்துகாட்டிய ஒரு நிகழ்ச்சியில் நடுவிலே இடம் தீர்ந்துவிட்டது. தட்டச்சுப் பொறியோ, குப்பை பொறுக்குபவர் அழைக்கப்பட்டிருக்கிறார் என்று மெதுவாக அச்சடிக்கத் தொடங்கியது! குப்பையைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்டிராத சபையோர் சிரித்த சிரிப்பில் நேரமெல்லாம் போயிற்று.

1960இல் ஜார்ஜ் காலின்ஸ் வேறொரு முறை கூறினார். ஒவ்வோர் அறையின் விலாசமும் எத்தனை இடங்களில் இருக்கிறது என எண்ணி வந்து, எண்ணிக்கை பூஜ்யமானதும் எடுத்துவிடலாம். எளிய வழிதான். ஆனால் இரு பெட்டிகளில் ஒன்றின் சாவி மற்றொன்றுக்குள் வைத்துப் பூட்டப்பட்டிருப்பதாக நினைத்துப் பாருங்கள். இரண்டையும் திறக்க முடியாது. ஆயினும் ஒவ்வொன்றுக்கும் ஒரு சாவி இருப்பதாகவே கணக்குக் காட்டும். அத்தகைய அறைகள் என்றும் காலியாவதில்லை.

1975இல் அதே கழகத்தில் ஜெரால்டு சஸ்மனும் கை ஸ்டீலும் அமைத்த 'ஸ்கீம்' மொழிக்குப் பெருக்குமாறு இன்றியமையாதது. அதில் ஒரு சார்பு தான் பிறந்த இடத்தின் பெயர்களைத் தன்னுடனே எடுத்துச் செல்லும். அவ்விடத்தின் வேலை முடிந்த பின்னும் அப்பெயர்கள் வாழ வேண்டும். எதுவரை என்பது கண்ணுக்குப் புலப்படாது.

மேல்நிலை வகுப்பு மாணவியர் பயிலும் பைத்தான் பெரும்பாலும் எண்ணும் முறையையே நம்பியிருக்கிறது. பெட்டி-சாவிச் சிக்கலுக்கென்று மட்டும் தனியாக ஒரு பெருக்குமாறும் வைத்திருக்கிறது.