வயலிற் சேரும் கட்மியமும் எலும்பு நோயும்

வயல்நீர் கெட்டால் எலும்பு முறியுமோ என வினவுவோர் உளர். யப்பானில் முறிந்தது. தொயாமா மாகாணத்துச் சின்சு ஆற்றங்கரையில் நெல் விளைத்த குடும்பங்களிலே, பிள்ளை பெற்று முதிர்ந்த பெண்கள் பலருக்கு இருமினாலே விலா ஒடிந்தது. நோவு பொறாது அவர்கள் அரற்றிய ‘இத்தாய், இத்தாய்’ என்னும் சொல்லே நோயின் பெயராயிற்று. கமியோக்காச் சுரங்கக் கழிவிலிருந்த கட்மியம் என்னும் உலோகம் ஆற்றுநீருடன் வயலிற் படிந்து அரிசியிற் சேர்ந்ததே காரணமென 1968இல் அந்நாட்டரசு ஏற்றது. கட்மியம் முதலிற் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பின்னர் எலும்புக்கு வேண்டிய பொசுபரசும் கல்சியமும் சிறுநீரோடு கழிந்துபோகும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் அத்தகைய சுரங்கம் இல்லை. எனினும் பொசுபேற்றுப் பசளையில் இவ்வுலோகம் சிறிதளவு உண்டு. இட இட மண்ணிலே தங்கும், எளிதில் நீங்காது. ஆகையால் வெங்காயமும் மிளகாயும் கீரையும் மாறிமாறிச் செய்யும் தோட்டக்காரர், மண்ணைப் பரிசோதித்து வேண்டிய அளவே பொசுபேற்று இடுக. கீரைவகை கட்மியத்தை மிகுதியாக ஏற்கும். நமது செம்மண்ணின் கீழுள்ள சுண்ணாம்புக்கல் ஓரளவு துணையே. புளிப்பு மண்ணிலன்றோ பயிர் இதனை அதிகம் உறிஞ்சும்.

நீர் நிற்கும் வயலிற் கட்மியம் கந்தகத்தோடு கட்டுண்டு கிடக்கும். கதிர் வந்தபின் வயல் வரண்டால் விடுபட்டு மணியிற் புகும். மழையை நம்பிய காலபோகத்தில் வரம்பை உயர்த்தி, உள்ள நீரைக் காத்துக்கொள்ளுக. பழைய மின்கலங்களைக் குப்பைக்கிடங்கில் எறிதலும் ஆகாது. அக்குப்பையே நாளை தோட்டத்துக்கு எருவாகும்.